பூவுக்கு இந்தப் பக்கம்

"பார்ட்டிக்கு என்ன தெரியும்?" எங்கள் தொழிலில் காலையில் டீ குடிக்கிறோமோ இல்லையோ, இந்த வார்த்தையைச் சொல்லிவிடுவோம். பார்ட்டி என்றால் கல்யாண வீட்டார். நமக்கு வேலையையும் கொடுத்து, நம் தலையையும் தின்கிறவர்கள். மைக் செட்காரர் சொல்வார், பந்தல்காரர் சொல்வார், சமையல்காரர் கரண்டியால் அண்டாவைத் தட்டிக்கொண்டே சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொல்லியிருப்பேன், எனக்குத் தொண்டை பெரிசு.

நான் மேடை அலங்காரம் செய்கிறவள். வீடு நெல்லித்தோப்பில். சாமான் போட்டு வைக்கிற கொட்டகை தட்டாஞ்சாவடியில், ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் பின்னால். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். நான் அப்போது பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைக்கும் பூ வைக்க முடியுமா என்று கேட்டார்கள். "சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு இந்தக் கம்பியத் தூக்கியாங்க" என்றேன் இவரிடம். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் இரும்பு ஃபிரேமைக் கட்டுவார், நான் பூ வைப்பேன். அவர் கட்டிய ஃபிரேம் ஒன்று கூட ஆடியதில்லை. அதை மட்டும் அவர் செத்துப்போன பிறகும் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடை வேலை முடிந்ததும் ஹாலின் நடுப்பாதையில் போய் நிற்போம். கேமராக்காரர் எங்கே நிற்பாரோ, அதே இடம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, மேடையைப் பார்ப்போம். போனில் ஒரு போட்டோ எடுப்போம். இதற்கு ஃபிரன்ட் பார்க்கிறது என்று பெயர். போட்டோவில் மேடை காலி இல்லாமல் நிறைந்து தெரிந்தால் வேலை முடிந்தது, கையைக் கழுவிவிட்டு டிபன் சாப்பிடப் போகலாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பார்ட்டிக்காகப் போட்ட நாற்காலியில் நாங்கள் உட்கார மாட்டோம். இதற்கு யாரும் சட்டம் போடவில்லை. அழுக்கு நைட்டியும் பூச்சாறு ஒட்டின கையுமாக, வெள்ளைக் கவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? ஸ்பீக்கர் பெட்டி மேலே உட்காருவோம், மேடைப் படியில் உட்காருவோம், பூ வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவோம். எத்தனை மேடை போட்டிருப்போம், எத்தனை ஆயிரம் நாற்காலியைத் தாண்டி நடந்திருப்போம். அதில் ஒன்றில் உட்கார்ந்து, எதிரே என்ன தெரிகிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவருக்கு ஓர் ஆடி மாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறி, பிறகு பெரும்பாடு பட்டுத் திரும்பியது. திரும்பின பேச்சில் முதல் வேலையாக என்னைத்தான் கிண்டல் செய்தார். "இனிமே நீ என்னக் கம்பி தூக்கச் சொல்ல முடியாது புள்ள" என்றார். சிரித்தேன். சமையல்கட்டுக்குப் போய்த்தான் அழுதேன். சக்கர நாற்காலி வந்தது. அவர் பழகிவிட்டார், எனக்குத்தான் பழகவில்லை. அடுத்த வருஷம் இதயமும் சரியில்லை என்றார்கள். எங்கள் ஒரே பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் அவளையும் என்னையும் தனியாகக் கூப்பிட்ட டாக்டர், "கல்யாணத்தைச் சீக்கிரமா வச்சிடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நாங்களே புரிந்துகொண்டு, பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அவரிடம் யாரும் டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையில் இருந்த கல்யாணம் ஆவணிக்கு ஓடி வந்தால் மனுஷனுக்குத் தெரியாதா?

"எனக்கு ஒண்ணும் வேணாம் புள்ள" என்றார் ஒரு நாள், நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது. "பட்டுச் சட்ட வேணாம், மோதரம் வேணாம். தாலி கட்றத மட்டும் என் கண்ணால பாத்துட்டா போதும்."

"பாக்காம? உங்களுக்கு இல்லாத எடமா?"

எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும். இவரால் தரையில் உட்கார முடியாது. அதனால் இவருடைய தம்பியும் தம்பி பெண்சாதியும் உட்காருவது என்று முடிவாயிற்று. அந்த முடிவு வந்த அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் தானாகவே சமாதானமாகி, "என் தம்பி இத்தினி வருசத்துல இந்தக் குடும்பத்துக்குச் செய்யற மொத வேல. செய்யட்டும்" என்றார்.

"நம்ம பசங்க நாலு பேர வச்சி, நாற்காலியோட உங்கள மேடைமேல தூக்கி வச்சிடலாங்க" என்று நான் சொன்னேன். மண்டபத்தின் மேடை இடுப்பு உயரம். பக்கத்துப் படி குறுகல்.

"நாலு பேரு என்னத் தூக்கற நாளு தனியா வரும். எம் பொண்ணு கல்யாணத்தன்னிக்கி வேணாம்."

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்று கத்தினேன். என் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் அசையவில்லை. பத்து ஆள் பாரத்தைத் தோளில் தூக்கின மனுஷன், அத்தனை உறவுக்காரர் முன்னால் தன்னைத் தூக்க விடுவாரா? விட மாட்டார். எனக்கும் அது தெரியும்.

"சரி, மொத வரிசை உங்களுக்குத்தான். நட்ட நடுவுல."

"அப்ப கவர்னர் வந்தா?"

"கவர்னர் நிக்கட்டும்."

சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும், ஆனாலும் அழகாக இருக்கும்.

மேடையை என் பெண்தான் தேர்ந்தெடுத்தாள். போனில் யாரோ ஒரு வடநாட்டுக் கல்யாணத்தின் படத்தைக் காட்டினாள். மேடையின் முன் விளிம்பு முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரே பூ. "இது மாதிரி வேணும்மா. நீ எல்லாருக்கும் செய்யற, எனக்குச் செய்ய மாட்டியா?" என்றாள். செய்யாமல் இருப்பேனா? மற்றவர்களுக்கு விளிம்பில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு வரிசை வைப்பேன். என் பெண்ணுக்கு முழங்கால் உயரத்துக்கும் மேலே வைத்தேன். வெள்ளைச் சாமந்தி, நடுநடுவே ரோஸ் நிற ரோஜா. கம்பி வெளியே தெரியக்கூடாது, பூ குத்துகிற ஃபோம் தெரியக்கூடாது, ஒரு விரல் நுழையும் சந்துகூட இருக்கக்கூடாது. என்னிடம் வேலை செய்யும் பெண்களை அன்றைக்குப் படுத்தியெடுத்துவிட்டேன். ஒருத்தி மட்டும் துணிச்சலாக, "அக்கா, இது பார்டரா, செவுரா?" என்று கேட்டாள். "மூடிக்கினு வைடி" என்றேன்.

முடிந்ததும் வழக்கம்போல நடுப்பாதையில் நின்று ஃபிரன்ட் பார்த்தேன். அம்மாடி! நானே போட்டதா என்று இருந்தது. போட்டோ எடுத்து வீட்டில் இருந்த அவருக்கு அனுப்பினேன். தம்பி பெண்சாதி போனைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். உடனே அவரே பேசினார். "அடேங்கப்பா! மேடையா இது, பூ மலையா? என் ஃபிரேம் இல்லாமயே இப்பிடி நிக்குதே" என்றார். எனக்கு வயிறு நிறைந்துபோயிற்று.

கல்யாணத்தன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். எந்த மண்டபத்துக்கும் பின்வாசல் வழியாகப் போயே பழக்கம், அன்றும் கால் பின்பக்கமாகவே போயிற்று. அங்கே நின்றிருந்த மைக் செட்காரர் கையைத் தட்டிச் சிரித்தார். "இன்னிக்கி நீதான்கா பார்ட்டி. முன்னால போயி கம்முனு குந்து. எங்கள வேல செய்ய உடு" என்றார்.

கம்மென்று உட்காருவதாவது. மாப்பிள்ளை அறைச் சாவி எங்கே என்று ஒருவர் கேட்கிறார், பால் திரிந்துவிட்டது என்று இன்னொருவர் வருகிறார், ஐயர் தேங்காய் பத்தாது என்கிறார், நாத்தனார் முறை ஆகவேண்டியவள் தன்னை வா என்று கூப்பிடவில்லை என்று மூஞ்சியைச் சுளிக்கிறாள். நடுவில் மூன்று பேர் மாறி மாறி "சிரிங்கம்மா" என்று என்னைப் போட்டோ எடுக்கிறார்கள். விளக்குப் பக்கத்தில் ஒரு பூச்சரம் தொங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரிந்தது, கை போகவில்லை. பார்ட்டிக்கு என்ன தெரியும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒன்றும் தெரியாதுதான். தெரிந்துகொள்ள அன்றைக்கு அவர்களுக்குத் தலை ஏது? எங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

அவரை முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சவரம் செய்து, வேட்டி கட்டி, வேண்டாம் என்று சொன்ன அதே பட்டுச் சட்டையில். முதல் வரிசையில் இருந்த சோபாவை நானே நகர்த்தி, சரியாக நடுவில் சக்கர நாற்காலியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டேன். அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் நிற்கிறேன். மேடையில் அப்போது யாரும் இல்லை.

"தெரியுதாங்க?"

அவர் அண்ணாந்து மேடைமேல் வளைந்திருந்த பூ ஆர்ச்சைப் பார்த்தார். "தெரியுது தெரியுது. நீ போ, பொண்ணப் பாரு."

போனேன்.

மேடையில் என் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மேடையில் நிற்கிறவர்களுக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணைக் குத்துகிற லைட்டு. லைட்டுக்கு முன்னால் கேமராக்காரர்களின் தலைகள். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் கை ஆடிய ஆட்டம் இருக்கிறதே, முதல் முடிச்சே அவனால் போட முடியவில்லை. மூன்று முடிச்சையும் அவனுடைய அக்காதான் போட்டாள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை மழையாக வந்து விழுந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தேடினேன். ஒரு கேமராக்காரரின் தோளுக்கும் இன்னொருவரின் தோளுக்கும் நடுவில், அவருடைய இடது கை மட்டும் மேலே எழும்பி இறங்கியது தெரிந்தது. அவரும் அட்சதை போட்டுவிட்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ஓடினேன். "பாத்தீங்களா?"

"பாத்தேன் புள்ள."

"நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். மாப்ள தைரியசாலி. கையி கொஞ்சம்கூட நடுங்கல."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கை நடுங்கியதை மேடையில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் அவ்வளவு தெரியாதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து காலில் விழுந்தார்கள். அவர் இடது கையால் இரண்டு பேர் தலையையும் தொட்டார். கொஞ்சம் பாயசம் மட்டும் குடித்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று சொல்லித் தம்பியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். கணக்காக எல்லாச் சாமானும் வண்டியில் ஏறுகிறதா என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, பெண் கல்யாணமானாலும் சரி. வேலை செய்யும் பெண்கள் ஆர்ச்சைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. அவர் நாற்காலி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு நான் பார்ட்டிதானே, உட்கார்ந்தால் யார் கேட்பது என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், பூ.

என் வெள்ளைச் சாமந்தி. என் கண்ணுக்கு நேரே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும். அதற்கு மேலே ஆர்ச்சின் மேல் பாதி, ஒரு மின்விசிறி. மணை தெரியவில்லை.

"ஏ, அந்த மணையில குந்து" என்று மேலே நின்ற பெண்ணிடம் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். கொண்டையின் உச்சி தெரிந்தது, அவ்வளவுதான். நான் எழுந்து நின்றேன், அவள் முழுசாகத் தெரிந்தாள். உட்கார்ந்தேன், போய்விட்டாள். எழுந்தேன், உட்கார்ந்தேன். பைத்தியக்காரி மாதிரி அதையே செய்துகொண்டிருந்தேன். நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். பத்தாவது வரிசைக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. சொந்தக்காரர் இல்லாத சொந்தக்காரர்கள், சாப்பாட்டுக்கு மட்டும் வந்தவர்கள், அவர்களெல்லாம் உட்கார்ந்திருந்த வரிசை. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற அப்பனுக்குத் தெரியவில்லை. மரியாதை, மரியாதை என்று முதல் வரிசையில், நட்ட நடுவில் கொண்டுபோய் நிறுத்திப் பிரேக்கையும் போட்டவள் நான்.

கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பூவுக்கு இந்தப் பக்கத்தில், சாமந்தி இதழ்களுக்குள், மஞ்சள் அரிசி சிக்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் போட்ட அட்சதையெல்லாம் மேடைக்குள் கிடந்தது. இது மட்டும் ஒரு கைப்பிடி, அவர் இருந்த இடத்துக்கு நேராக. கெட்டிமேளச் சத்தத்தை வைத்து நேரம் தெரிந்துகொண்டு, பழக்கமில்லாத இடது கையால் வீசியிருக்கிறார். பூவில் பட்டு நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மா அழுகிறாள் என்று நினைத்து யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"இன்னா பொய்?"

"மாப்ள கையி வெடவெடன்னு ஆடிச்சி. அவுங்க அக்காதான் மூணு முடிச்சும் போட்டா."

"அப்பிடியா? பயந்துட்டானா?" என்று சிரித்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா?"

"பூ தெரிஞ்சிது. நல்லா இருந்துது புள்ள. அவ்ளோ கிட்டத்துல உன் வேலய நான் குந்திப் பாத்ததே இல்ல."

இதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். "கத்தக் கூடாதா? யாரையாச்சும் கூப்புடக் கூடாதா? இந்த வாயி எங்க போச்சி?" என்று கத்தினேன். அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா, எனக்கே தெரியவில்லை.

"தாலி கட்ற நேரத்துல பொண்ணோட அப்பன் கத்தனா, ஊரு இன்னா நெனைக்கும்? உடு."

விட முடியுமா? தம்பி பெண்சாதியின் போனில் தாலி கட்டியது முழுவதும் இருந்தது. வாங்கிவந்து அவர் கண் முன்னால் பிடித்தேன். பார்த்தார். மாப்பிள்ளையின் கை நடுங்கிய இடத்தில் "அட ஆமா" என்றார். முடிந்ததும் இன்னொரு தடவை போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நல்லா இருக்குது. ஆனா இது முடிஞ்சிபோனது. நடக்கும்போது பாக்கணும்னுதான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "எனக்கு மொத வரிசை, நட்ட நடுவுல" என்று பெருமையாகச் சொல்வார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவேன். ஐப்பசி மழையில் அவர் போய்ச்சேர்ந்தார்.

இப்போது நான் மேடை போட்டால், ஃபிரன்ட் பார்ப்பதில்லை. உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் வரிசையில், ஓரத்தில், தூணுக்குப் பின்னால், கடைசியில், எல்லா இடத்திலும். என் ஆட்கள் முதலில் முட்டிவலி என்று நினைத்தார்கள். பிறகு வேண்டுதல் என்று நினைத்தார்கள். மைக் செட்காரர் கேலி செய்தார். வாய்யா என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், முதல் வரிசையில் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே உட்காரவைத்து, பையனிடம் பாட்டைப் போடச் சொன்னேன். பாதிப் பாட்டில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "எவன்டா பொட்டிய இப்பிடித் திருப்பி வச்சது?" என்று கத்தினார். திருப்பி வைத்தது அவர்தான். அன்றையிலிருந்து கேலி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில பார்ட்டி வீடுகளில் நான் மேடை ஏறுவதை இப்போது விரும்புவதில்லை. பொட்டு இல்லாத நெற்றியோடு மணவறைப் பக்கம் நிற்கிறேனாம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "நீங்க ஏன்மா மேல ஏறிக் கஷ்டப்படறீங்க" என்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். என் வாய்க்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் கேட்பதில்லை. எனக்குக் கீழேதான் வேலை இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பூவ எறக்குடி, இன்னும் எறக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். போட்டோவில் மேடை காலியாகத் தெரிகிறது என்று ஒரு பெண் வீட்டார் குறைப்பட்டுக்கொண்டார்கள். "இருக்கட்டும்" என்றேன்.

அவர் போன நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அன்று காலையில் நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் எல்லோரும் வந்துவிட்டார்கள். பந்தல்காரர் மழையில் நனைந்துகொண்டே தெருவை அடைத்துச் சாமியானா கட்டினார். மைக் செட்காரர் வெறுமனே நின்றார், அவருக்கு அன்று வேலை இல்லை. வீட்டுக்குள், பெஞ்சுமேல் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் அவரை வைத்தார்கள். எங்கள் தொழில்காரர்கள் ஆளுக்கு ஒரு மாலை கொண்டுவந்திருந்தார்கள். பெரிய பெரிய மாலை. இவர் கட்டிய ஃபிரேமைப் பற்றிப் பேசிப் பேசி அழுதுகொண்டே, ஒவ்வொன்றாகப் பெட்டியின்மேல் சாத்தினார்கள். நான் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என் பெண் தரையில், பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மா" என்றாள். அழுது அழுது குரலே இல்லை. "அப்பா மூஞ்சி தெரியலமா."

எனக்கு நின்ற இடத்திலிருந்து அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. தெரியுதே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது. போய் அவள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பெஞ்சின் கட்டை, பெட்டியின் தகரம், அதற்கு மேலே சாமந்தி மாலைகள். வேறு ஒன்றும் இல்லை.

"எடுங்க இத" என்றேன்.

பந்தல்காரர் தயங்கினார். "எல்லாரும் ஆசயா போட்டது அக்கா..."

"எடுங்கடா எல்லாத்தயும்!"

நான் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நானே இரண்டு கையாலும் மாலைகளை அள்ளி மூலையில் போட்டேன். பெஞ்சையும் எடுக்கச் சொன்னேன். நாலு பேர் பெட்டியைத் தூக்கி, கீழே தாழ்வான பலகைமேல் இறக்கினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த இதழ்களை முந்தானையால் துடைத்தேன். பிறகு மறுபடியும் என் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு மண்டபத்தில் அவர் பக்கத்தில்தான் யாரும் இப்படி உட்கார்ந்து பார்க்கவில்லை.